காரியம் முடிந்த பிறகு வரும் துக்கம்

வடசென்னையில் ஒரு சாவு விழுந்தால் அந்த வீட்டைத் தெருவே தாங்கிக்கொள்கிறது. பந்தல், ஐஸ் பெட்டி, பூ அலங்காரம், வந்தவர்களுக்கு டீ என்று எதையும் வீட்டுக்காரர்கள் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. ராத்திரி மரண கானா பாட ஆள் வரும். இறந்தவர் பெயரும் அவர் செய்த தொழிலும் பெண்டாட்டி பிள்ளைகள் பெயரும் பாட்டுக்குள் வந்துவிடும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது வெறும் சத்தமாகத் தெரியலாம். துக்க ஆலோசனை தருவதையே தொழிலாகக் கொண்ட நான் இதைப் பெரிய மருத்துவம் என்றே சொல்வேன். போனவர் பெயரைப் பத்துப் பேர் உரக்கச் சொல்கிறார்கள், அழுகிறவரை யாரும் அடக்கச் சொல்வதில்லை. ஆலோசனை அறையில் நாங்கள் பாடுபட்டு உண்டாக்க நினைப்பதும் இதைத்தான். கிறிஸ்தவ வீடுகளில் நவம்பர் 2 கல்லறைத் திருநாள் அன்று கல்லறைக்குப் போய் மெழுகுவத்தி ஏற்றுவதும், இஸ்லாமிய வீடுகளில் கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்ற காத்திருப்புக் காலத்தில் இருப்பதும் துக்கத்துக்கென்று காலத்தையும் இடத்தையும் ஒதுக்கும் ஏற்பாடுகளே.

பதினாறாம் நாள் காரியத்தோடு இந்தத் துணை கலையத் தொடங்குகிறது. ஊரிலிருந்து வந்தவர்கள் கிளம்பிவிடுவார்கள். எதிர்வீட்டு அக்கா சாப்பாடு கொண்டுவருவது நிற்கும். "போனவரு போயிட்டாரு, இனிமே புள்ளைங்களைப் பாரு" என்று அன்பாகவே சொல்வார்கள். இழந்தவருக்கோ அப்போதுதான் விஷயம் உறைக்கிறது. சீட்டுப் பணம் யாரிடம் கட்டியிருக்கிறார், ஏடிஎம் நம்பர் என்ன, ராத்திரி கதவை யார் பூட்டுவது? தண்டையார்பேட்டையில் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இறப்பு நடந்த வாரத்தில் வருவதில்லை. மூன்றாம் மாதம் வருகிறார்கள், முதல் பொங்கலுக்கு முன்னால் வருகிறார்கள், வருஷ திதி நெருங்கும்போது வருகிறார்கள். கூட்டம் கலைந்த பிறகும் அழுகை நிற்காதவர்கள் அவர்கள். (இங்கே சொல்லும் அனுபவங்களில் ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துக்கம் நோய் கிடையாது. வீட்டில் சாவு நடந்த எல்லோரையும் கவுன்சலிங்குக்கு அனுப்ப வேண்டியதில்லை. பெரும்பாலானவர்கள் குடும்பம், நட்பு, வேலை, கோயில் என்று பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்துவிடுகிறார்கள். எழ முடியாமல் தவிப்பவர்களுக்கும், அழ இடமே கிடைக்காதவர்களுக்கும்தான் நாங்கள் அதிகம் தேவைப்படுகிறோம்.

துக்கத்துக்கு ஐந்து கட்டங்கள் உண்டு என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் இதை எழுதியபோது, சாகப்போகிறோம் என்று தெரிந்த நோயாளிகளின் மனநிலையைத்தான் விவரித்தார். உறவை இழந்தவர்களுக்கு அது பின்னால் ஒட்டவைக்கப்பட்டது. "எனக்கு இன்னும் கோபமே வரலையே, நான் சரியா இருக்கேனா?" என்று பயந்து வருகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இழந்த துயரம் வரிசையில் வருவதில்லை.

காசிமேட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா வந்தார். கணவர் மாரடைப்பில் போய் நான்கு மாதம். விடியற்காலை ஏலத்துக்குப் போகிறார், பேரம் பேசுகிறார், சிரிக்கவும் சிரிக்கிறார். வீட்டுக்கு வந்து அவருடைய லுங்கியைப் பார்த்தால் உடைந்துபோகிறார். "காலைல சிரிக்கிறவ ராத்திரி அழுதா நடிப்புன்னுதானே மேடம் சொல்வாங்க?" என்றார். நாத்தனாரே அப்படிச் சொல்லியிருக்கிறார்.

நடிப்பு இல்லை. மார்கரெட் ஸ்ட்ரோப், ஹென்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். இழப்பை நினைத்து அழுவது ஒரு பக்கம், மாறிப்போன வாழ்க்கையை ஓட்டக் கற்பது இன்னொரு பக்கம். மனம் இந்த இரண்டுக்கும் நடுவே போய்வந்துகொண்டே இருக்கும், அப்படிப் போய்வருவதுதான் ஆரோக்கியம். எந்நேரமும் அழுதாலோ, அழவே நேரம் தராமல் வேலைக்குள் ஒளிந்துகொண்டாலோதான் கவனிக்க வேண்டும். நாத்தனாரையும் அடுத்த முறை அழைத்துவரச் சொல்லி அவர் முன்னாலேயே இதை விளக்கினேன். அப்புறம் அண்ணனை நினைத்து அவரும் அழுதார். அதுவரை அவரிடம் யாருமே விசாரிக்கவில்லை.

"மறக்க வைப்பீங்களா?" என்றுதான் பலர் முதலில் கேட்கிறார்கள். அது எங்கள் வேலை இல்லை. அப்பாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு தூங்கும் பையனையோ, அம்மாவின் வாய்ஸ் மெசேஜை அழிக்காமல் வைத்திருக்கும் பெண்ணையோ நான் தடுக்க மாட்டேன். அந்த உறவு வேறு வடிவில் தொடரலாம். எங்கள் அறையில் நடப்பது பெரும்பாலும் பேச்சுதான். கடைசி நாளை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நிதானமாகச் சொல்ல வைப்போம். பல பேர் அதை ஒரு தடவைகூட முழுதாகச் சொன்னதில்லை. பாதியில் யாராவது "சரி விடு, அழாத" என்று நிறுத்தியிருப்பார்கள்.

ஒரு இளைஞர், "நெஞ்சு வலின்னு அம்மா சாயந்திரமே சொன்னாங்க, கேஸ்னு நெனைச்சு சோடா வாங்கிக் குடுத்தேன்" என்பதைத் தவிர வேறெதையும் பேசாமல் இருந்தார். "உன் மேல தப்பில்ல" என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள், அது அவர் காதில் ஏறவே இல்லை. நானும் அதைச் சொல்லவில்லை. அந்தச் சாயங்காலம் அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று மணிவாரியாகச் சேர்ந்து பார்த்தோம். சோடா வாங்க ஓடியதும், ராத்திரி ஆட்டோ பிடித்துத் தூக்கிக்கொண்டு போனதும், வழியெல்லாம் அம்மா கையை விடாமல் பிடித்திருந்ததும் அப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. குற்ற உணர்வு ஒரே நாளில் போகவில்லை. ஆனால் அந்த ஒற்றை வரியைத் தாண்டி அம்மாவைப் பற்றிப் பேச முடிந்தது.

சரி, எப்போது உதவி தேட வேண்டும்? நீடித்த துயரக் கோளாறு என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு இப்போது ஏற்றிருக்கிறது. 2022-இல் நடைமுறைக்கு வந்த அந்த வகைப்பாட்டின்படி, ஆறு மாதத்துக்கு மேலும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல், வேலை, சாப்பாடு, உறவு எல்லாம் நிலைகுலைந்து கிடந்தால், அதுவும் அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மிஞ்சியதாக இருந்தால், சிகிச்சை தேவை. இதற்கென்றே உருவான பேச்சு சிகிச்சை பொதுவாக 16 அமர்வுகள் நடக்கும். நல்ல பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மாத்திரை மனச்சோர்வைக் குறைக்கும், ஏக்கத்தை அது மட்டும் ஆற்றாது. சாவுக்குப் பிறகு தினமும் குடிக்கத் தொடங்கும் ஆண்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். "தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு" என்று வீட்டார் அழைத்துவருவார்கள். கொஞ்சம் பேசினால் உள்ளே அழாத அழுகை இருக்கும். "தானும் போய்ச் சேர்ந்துடணும்" என்று யார் சொன்னாலும் ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. அன்றே உதவி தேட வேண்டும்.

எனக்கு அதிகம் கவலை தருபவை பந்தல் போடாத சாவுகள். கரு கலைந்த பெண்ணுக்கு யாரும் துக்கம் விசாரிப்பதில்லை, "அடுத்தது வந்துடும்" என்கிறார்கள். தற்கொலை நடந்த வீட்டில் சத்தமில்லாமல் எடுத்து முடித்துவிடுகிறார்கள். என்ன காரணம் என்று கேட்பவர்கள் உண்டு, எப்படி இருக்கிறாய் என்று கேட்பவர்கள் குறைவு. வீட்டுக்குத் தெரியாமல் காதலித்தவர் இறந்தால் அந்தப் பெண் கூட்டத்தில் கடைசியாக நின்றுவிட்டு வேலைக்குப் போக வேண்டியிருக்கிறது.

எல்லாவற்றிலும் கொடுமையானது கடலுக்குப் போனவர் திரும்பாதது. உடல் இல்லை, காரியம் செய்யலாமா என்று தெரியவில்லை. இறப்புச் சான்றிதழ் வாங்குவதும் சுலபமில்லை. ஏழு வருடம் தகவலே இல்லாவிட்டால் இறந்ததாகக் கருத நம் சட்டம் இடம் தருகிறது, அதற்குள் அந்தக் குடும்பம் எப்படி வாழ்வது? "பொட்டு வெச்சாலும் பேசறாங்க, வெக்கலனாலும் பேசறாங்க" என்றார் ஒரு பெண். பாலின் பாஸ் என்ற அமெரிக்கக் குடும்ப சிகிச்சையாளர் இதைத் தெளிவில்லா இழப்பு என்று ஆராய்ந்தார். அவரிடமிருந்து நாங்கள் கற்றது, முடிவெடுக்கச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது என்பது. வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டையும் சேர்த்து மனதில் வைத்துக்கொண்டு இந்த மாத வாடகை, பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ் என்று நகர உதவுகிறோம். பொட்டு விஷயத்தை அவர்தான் முடிவு செய்ய வேண்டும் என்று அவர் மாமியாரிடமும் பேசினோம்.

குழந்தைகளிடம் "அப்பா ஊருக்குப் போயிருக்கார்", "தூங்கறார்" என்று சொல்லாதீர்கள். சின்னக் குழந்தைகள் அதை அப்படியே நம்பும். வாசலில் காத்திருக்கும், தூங்கவே பயப்படும். "அப்பா செத்துட்டார், அவர் உடம்பு இனிமே வேலை செய்யாது, திரும்பி வர மாட்டார், உன்னை நாங்க பாத்துக்குவோம்" என்று எளிமையாகச் சொல்லுங்கள். தான் அடம் பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார் என்று சில குழந்தைகள் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருக்கும். "நீ செஞ்ச எதனாலயும் இது நடக்கல" என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

உதவி தேவைப்பட்டால் 14416-ஐ அழையுங்கள். டெலி மானஸ் என்ற இந்த அரசு மனநல உதவி எண் இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104-க்கும் அழைக்கலாம். தற்கொலை எண்ணம் இருந்தாலோ, தற்கொலையில் ஒருவரை இழந்திருந்தாலோ, 1986 முதல் சென்னையில் இயங்கும் சினேகா அமைப்பிடமும் பேசலாம். நேரில் போக ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. முதல் நாள் தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டு போக வேண்டாம், இறந்தவர் பெயரிலிருந்து தொடங்கினால் போதும்.