கல்மோண்ட் சரிவில் திராட்சை பழுப்பது எப்படி?

ஜெர்மனியில் மோசல் ஆறு பெரிய வளையம் போட்டுத் திரும்பும் இடத்தில் பிரெம் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே ஆற்றங்கரையிலிருந்து எழும் கல்மோண்ட் மலை சில இடங்களில் 65 டிகிரி வரை சாய்ந்து நிற்கிறது. ஏணி வைத்து ஏற வேண்டிய அந்தச் சரிவில்தான் ரீஸ்லிங் திராட்சை விளைகிறது.

பக்கத்திலேயே சமதரை இருக்க, ஏன் இந்தப் பாடு? விடை சூரியனின் உயரத்தில் இருக்கிறது.

பிரெம் இருப்பது வட அட்சரேகை 50 டிகிரியில். செப்டம்பர் 22 வாக்கில் நடுப்பகலில்கூட சூரியன் அடிவானத்துக்கு மேலே 40 டிகிரிதான் ஏறும். வெயிலுக்கு நேரெதிராகப் பிடித்த பலகையில் விழும் ஒளியை 100 என்று வைத்துக்கொண்டால், அப்போது சமதரைக்குக் கிடைப்பது 64. தெற்கு நோக்கிய 65 டிகிரிச் சரிவுக்கோ 97. அக்டோபர் 20 வாக்கில் சமதரையின் பங்கு 50-க்கும் கீழே போய்விடும், சரிவுக்குக் கிட்டத்தட்ட முழு வெயிலும் கிடைக்கும். ஜூன் மாத நடுப்பகலில் நிலைமை தலைகீழ்: அப்போது சமதரைக்குத்தான் வெயில் அதிகம். ஆனால் ரீஸ்லிங் மெதுவாகப் பழுக்கும் வகை. அதற்குச் சர்க்கரை சேர வேண்டிய காலம் இலையுதிர் காலம், சரியாக அந்த நேரத்தில் மலை கைகொடுக்கிறது. எனக்கு இதில் பெரிய வியப்பே இந்தப் பொருத்தம்தான்.

அப்புறம் மண். மண் என்பதைவிடக் கல் என்பதே சரி. சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி உருவான பாறை இது, பழைய பள்ளிக்கூடச் சிலேட்டைப் போலக் கறுத்து, தகடு தகடாக உடையும். கறுப்பு நிறம் பகல் வெயிலை உறிஞ்சும், கல் அந்தச் சூட்டை இரவில் மெல்ல விடும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவில் தேங்காமல் கீழே வழிந்துவிடும், உறைபனி ஆபத்தும் குறைகிறது.

ஆனால் இங்கே டிராக்டர் ஏறாது. கத்தரிப்பு, கட்டு, அறுவடை எல்லாம் கைவேலை. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறும் சிறு வண்டிதான் ஆளையும் கூடையையும் சுமக்கிறது. இத்தனை உழைப்புக்குக் கட்டுப்படியான விலை கிடைக்காததால் பலர் தோட்டத்தைக் கைவிட்டார்கள், அங்கெல்லாம் புதர் மண்டியது.

அந்தப் புதரால் நஷ்டம் மனிதருக்கு மட்டுமல்ல. அப்போலோ பட்டாம்பூச்சியின் ஒரு துணையினம் உலகிலேயே கீழ் மோசல் பள்ளத்தாக்கில் மட்டும் வாழ்கிறது. அதன் புழு தின்பது வெயில் காயும் பாறை இடுக்கிலும் கல் கட்டிய தோட்டச் சுவரிலும் முளைக்கும் ஒரு சிறு சதைப்பற்றுச் செடியை. புதரின் நிழல் விழுந்தால் அந்தச் செடி மடியும், பின்னாலேயே புழுவும். கொடி வளர்ப்பவர் பாறையை வெட்டவெளியாக வைத்திருக்கும்வரை இரண்டுக்கும் இடம் உண்டு.