பன்னியில் புல் போன இடத்தில் உப்பு ஏறும் விதம்

குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில், பெரிய ரண் என்னும் உப்புப் பாலைவெளியின் தெற்கு விளிம்பை ஒட்டிக் கிடக்கிறது பன்னி. 2,500 சதுர கிலோமீட்டரைத் தாண்டும் மேய்ச்சல் நிலம். ஆண்டு மழை சுமார் 300 மி.மீ. மண் உவர், நிலத்தடி நீரும் உவர்ப்புதான். மால்தாரிகள் எனப்படும் மேய்ப்பர்களின் எருமைகளும் காங்ரேஜ் இன மாடுகளும் தலைமுறை தலைமுறையாக மேய்ந்தும் இங்கே புல் அழியாமல் நின்றது. ஆகவே புல் அழிவதற்கு மேய்ச்சல்தான் குற்றவாளி என்று முடித்துவிட்டால் பாதி விஷயம் விட்டுப்போகும்.

மாடு முதலில் தேடுவது ருசியான பல்லாண்டுப் புல்லை. பன்னியில் ‘ஜிஞ்ஜ்வோ’ அப்படிப்பட்டது. கடித்த தூர், அடியிலுள்ள மொட்டையும் சேமித்து வைத்த மாவுச்சத்தையும் கொண்டு மறுபடி துளிர்க்கும். துளிர்த்த இலை வேருக்குக் கடனை அடைப்பதற்குள் திரும்பவும் கடிபட்டால் வேர் சுருங்கும். மழைக்காலத்தில் இது ஓயாமல் நடந்தால் தூர்கள் மெலிந்து, நடுவே வெறுந்தரை தெரியும்.

நல்ல மண்ணாக இருந்தால் அடுத்த மழைக்கே அங்கு புல் முளைத்துவிடும். உவர் நிலத்தில் அது நடப்பதில்லை. வெயில் நேராக விழும் தரையில், நுண்துளைகள் வழியே கீழ்நீர் மேலேறி ஆவியாகும். உப்பு மட்டும் மேலே தங்கும். ஈரக் களியைக் குளம்புகள் மிதித்து இறுக்கியிருந்தால், அந்த உப்பைக் கழுவிக் கீழே இறக்க மழைநீரும் உள்ளே போகாது. மண்ணில் நீர் இருந்தும் புல் விதையால் அதை உறிஞ்ச முடியாது. உமரி போன்ற உப்புத்தாங்கிகள் முளைக்கும். அவை சதைப்பற்றான இலையில் உப்பைச் சேர்ப்பவை. இலை உதிர்ந்தால் அந்த உப்பு மேல்மண்ணுக்கே வரும். ஒட்டகம் இவற்றைத் தின்னும், எருமை பெரும்பாலும் ஒதுக்கும். இந்தக் கட்டத்துக்குப் பிறகு மாட்டை வெளியேற்றினால் மட்டும் புல் திரும்பாது.

இதன்மேல் வந்து உட்கார்ந்தது நமக்கும் நன்கு தெரிந்த சீமைக்கருவேலம். ரண்ணின் உப்பு பரவாமல் தடுக்கவென்று 1961-ல் வனத்துறை நட்டது. இன்று கட்ச் மக்கள் அதை ‘காண்டோ பாவள்’, அதாவது பைத்தியக் கருவேலம் என்கிறார்கள். இனிப்பான நெற்றை மாடு தின்னும். கடினமான விதை குடல் வழியே வந்து சாணியோடு விழும். முதல் மழை முடிந்ததும் ஒரு காய்ந்த சாணி வட்டத்தைப் புரட்டிப் பாருங்கள், கொத்தாக மரக்கன்றுகள் நிற்கும். மரத்தைத் தரைமட்டத்தில் வெட்டுவது பெரும் தவறு. ஒரு தண்டு போய்ப் பல தண்டுகளாகப் புதர் கட்டும். மொட்டுகள் இருக்கும் அடிக்கட்டையைச் சுமார் 30 செ.மீ. ஆழம் தோண்டி எடுக்க வேண்டும். அடுத்த சில மழைகளில் கன்றுகளைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். நெற்றை விதையோடு அரைத்துத் தீவனமாகக் கொடுத்தால் விதை பரவுவது நிற்கும்.

நிலம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அறிய, 10 மீட்டர் சதுரத்தை வேலியடைத்து உள்ளேயும் வெளியேயும் ஒரே நாளில் செடி இனங்களையும் வெறுந்தரையையும் அளக்கலாம். ஓராண்டு வித்தியாசத்தை நம்ப வேண்டாம். மழையே அதை உண்டாக்கியிருக்கும். மேல் 5 செ.மீ. மண்ணைத் தனியாகவும், 15 முதல் 30 செ.மீ. வரையுள்ளதைத் தனியாகவும் எடுங்கள், கலந்தால் மேலோட்டின் உப்பு மறைந்துவிடும். பலர் தவறுவது இன்னோர் இடத்தில்: உப்பின் அளவை மின்கடத்துதிறனால் அளப்பார்கள்; உவர் மண்ணுக்கான மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ் எல்லை, நீரூறிய மண்கூழின் சாற்றுக்கானது. ஒரு பங்கு மண்ணில் ஐந்து பங்கு நீர் கலந்து அளந்தால் எண் பல மடங்கு குறைவாகக் காட்டும். அதை அப்படியே 4-உடன் ஒப்பிட்டால் உவர் நிலமும் நல்ல நிலமாகத் தெரியும்.