பழைய மினி டிராக்டருக்கு வேறு இன்ஜின்: எச்.பி. மட்டும் பார்த்தால் போதாது

மாங்காய் அறுவடை முடிந்து தோப்பில் உழவு ஓட்டும் நேரம் வந்தால், காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்திலிருந்து பட்டறைக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "அண்ணா, மினி டிராக்டர் இன்ஜின் போயிருச்சு. ஜெனரேட்டர் இன்ஜின் ஒண்ணு சல்லிசா வருது. அதே 18 எச்.பி.தான். போட்டுரலாமா?"

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்பவர்களைத் தடுத்துவிடலாம். கொடுத்துவிட்டு வருபவர்கள்தான் அதிகம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். எச்.பி. ஒத்துப்போகிறதா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முன் எடையையும் சுற்று வேகத்தையும் பார்க்க வேண்டும். இரண்டும் ஓட்டுபவரின் உயிர் சம்பந்தப்பட்டவை.

லாரிக்கு அடியில் சேசிஸ் என்ற இரும்புச் சட்டகம் இருக்கிறது. இன்ஜினை இறக்கி வைத்தாலும் வண்டி அப்படியே நிற்கும். பெரும்பாலான டிராக்டர்களில் சேசிஸ் கிடையாது. முன் அச்சைத் தாங்கும் பிராக்கெட்டை இன்ஜின் பிளாக்கில்தான் முடுக்கியிருப்பார்கள். பிளாக்கின் பின்பக்கம் கிளட்ச் ஹவுசிங், அதற்குப் பின்னால் கியர் பாக்ஸ். இன்ஜின்தான் வண்டியின் முதுகெலும்பு. அதை எடுத்துவிட்டுச் சின்ன இன்ஜின் வைக்கும்போது, முன்னையும் பின்னையும் இணைக்க இரண்டு பக்கமும் சி சேனல் (ஆங்கில C எழுத்து வடிவ இரும்பு) வைத்து வெல்டிங் அடிக்கிறார்கள். ஒற்றை சிலிண்டர் இன்ஜினின் அதிர்வு அந்த வெல்டிங்கை நாளுக்கு நாள் தின்னும். ராயக்கோட்டை பக்கம் தக்காளித் தோட்டத்தில் அப்படி ஒரு வண்டியைப் பார்த்தேன். வெல்டிங் முடிந்த ஓரத்திலேயே சேனல் பிளந்து, முன் சக்கரம் இரண்டும் உள்பக்கமாக மடங்கிக் கிடந்தது. விரிசலின் பாதி தூரம் துருப்பிடித்திருந்தது. அதாவது, அது பல நாளாகவே விரிந்துகொண்டிருந்திருக்கிறது, பெயின்ட் மறைத்துவிட்டது.

சேனல் தாங்கினாலும் எடைப் பிரச்சினை தீராது. தண்ணீரில் குளிரும் மூன்று சிலிண்டர் இன்ஜினை ரேடியேட்டரோடு கழற்றிவிட்டு ஒற்றை சிலிண்டரை வைத்தால் முன்பக்கம் இலேசாகிவிடும். நம் பக்கத்து நிலமோ மேடும் பள்ளமும் கல் வரப்புமாக இருக்கிறது. பின்னால் கலப்பையைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறும்போது முன் சக்கரம் மண்ணை விட்டு எழும்பும். ஸ்டியரிங் திருப்பினாலும் திரும்பாது. கிளட்ச்சை மிதிக்கத் தாமதித்தால் வண்டி அப்படியே பின்னால் புரண்டு ஓட்டுபவர் மேலேயே விழும். இதைச் சோதிக்க மேட்டில் ஏற்றிப் பார்க்கவே கூடாது. எடை மேடைக்குப் போய், கலப்பையைத் தூக்கிய நிலையில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி எடை போடுங்கள். டிராக்டரின் மொத்த எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் இருக்க வேண்டும். குறைந்தால் முன்னால் வெயிட் பிளேட் மாட்டாமல் தோப்புக்குள் இறக்காதீர்கள். இன்ஜின் மாற்றுவதற்கு முன்பே ஒரு முறை எடை போட்டு வைத்துக்கொண்டால் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரியும்.

அப்புறம் சுற்று வேகம். இன்ஜின் நிமிடத்துக்கு 2700 சுற்றில் ஓடும்போது பி.டி.ஓ. (ரோட்டவேட்டர் போன்ற கருவிகளைச் சுற்றும் பின்பக்கத் தண்டு) 540 சுற்று தருமாறு அமைத்த வண்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் 3600 சுற்று இன்ஜினை வைத்தால் பி.டி.ஓ. 720க்குப் போய்விடும். மூன்றில் ஒரு பங்கு வேகம்தானே கூடுகிறது என்று தோன்றும். ஆனால் ரோட்டவேட்டர் பிளேடு எறியும் கல்லின் ஆற்றல் கிட்டத்தட்ட 1.8 மடங்காகிறது. சாலையிலும் வண்டி அதே விகிதத்தில் வேகமாக ஓடும். பிரேக் மட்டும் பழைய பிரேக்.

ஜெனரேட்டர் இன்ஜினில் இன்னொரு சிக்கல். 50 ஹெர்ட்ஸ் கரண்டுக்காக அதை 1500 அல்லது 3000 சுற்றிலேயே பிடித்து வைக்கும்படி கவர்னரை (சுற்று வேகத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) அமைத்திருப்பார்கள். அதை மாற்றாமல் ஆக்சிலேட்டர் லீவரை மட்டும் இழுத்துக் கட்டினால் வண்டி சொன்னபடி கேட்காது.

சுற்றும் திசையைப் பலர் பார்ப்பதே இல்லை. பழைய இன்ஜினின் ஃப்ளைவீல் எந்தப் பக்கம் சுற்றியது என்று கழற்றுவதற்கு முன்பே சாக்பீஸில் அம்புக்குறி போட்டு வையுங்கள். திசை மாறினால் முன் கியரில் வண்டி பின்னால் போகும். ஹைட்ராலிக் கியர் பம்ப்பை இன்ஜினே நேராகச் சுற்றும் வண்டியென்றால், பம்ப் எண்ணெய் தள்ளாது, ஆயில் சீலும் பிதுங்கிவிடும்.

என் கருத்தைக் கேட்டால், பிளாக் உடையாமல் இருக்கும்வரை பழைய இன்ஜினையே சரிசெய்வதுதான் நல்லது. லைனர், பிஸ்டன், ரிங் மாற்றி, கிராங்க்கை லேத்தில் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட்டால் வண்டி மறுபடி உழைக்கும். முடியாவிட்டால் அதே கம்பெனி, அதே மாடல் இன்ஜினைத் தேடுங்கள். வாங்கும்போது ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அங்கே புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் தேய்ந்த இன்ஜின், வேண்டாம். இன்ஜின் நம்பரை ராவியிருந்தால் விலை பேசக்கூட நிற்காதீர்கள்.

நம்பர் சரியாக இருந்தாலும் ஆர்.சி.யில் இருப்பது பழைய நம்பர். மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி, கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் ஆகும்படி வண்டியை மாற்றக் கூடாது; இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். வாங்கிய பில்லோடு முதலில் அங்கே போய் விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். விபத்து நடந்த பிறகு இன்ஜின் நம்பர் பொருந்தவில்லை என்றால் இன்சூரன்ஸ் கேட்டு அலைய வேண்டியிருக்கும்.

பொருத்தி முடித்ததும் இன்ஜினிலிருந்து வண்டியின் பாடிக்கு எர்த் பட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரண்ட் ஆக்சிலேட்டர் கேபிள் வழியாகப் போய் அதைக் கருக்கிவிடும். பெல்ட் கவர், பி.டி.ஓ. கவர் இரண்டையும் மாட்டிய பிறகுதான் வண்டியைப் பட்டறையிலிருந்து எடுக்க வேண்டும். முதல் நாள் ஓட்டி முடித்ததும் எல்லா மவுண்டிங் போல்ட்டையும் மறுபடி முடுக்குங்கள். இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்த வண்டியென்றால் முதல் 50 மணி நேரத்தில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.