இருமல் டானிக் எவ்வளவுதான் கேட்கும்?

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் மருந்துக்கடையில் முதலில் காலியாவது இருமல் டானிக் தட்டுதான். சிப்காட்டில் நைட் ஷிப்ட் முடித்து வரும் தம்பியும் கேட்பார், துறைமுகத்தில் மீன் ஏலம் முடித்து வரும் அக்காவும் கேட்பார்: "நல்லா கேக்குற டானிக்கா ஒண்ணு குடுங்க." விற்கிறவன் நான்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஜலதோஷத்தோடு வரும் இருமலுக்கு, அதுவும் பெரியவர்களுக்கு, அந்த பாட்டில் செய்யும் வேலை நாம் நினைப்பதைவிட ரொம்பக் குறைவு.

சீட்டு இல்லாமல் கடையில் வாங்கும் இருமல் மருந்துகளைப் பற்றிய சோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2014-இல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. மொத்தம் 29 சோதனைகள், அவற்றில் 19 பெரியவர்களிடம் நடந்தவை. கேட்கிறது என்றும் அடித்துச் சொல்ல முடியவில்லை, கேட்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை என்பதுதான் முடிவு. மூளையில் இருமலைத் தூண்டும் மையத்தை அடக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் சில சோதனைகளில் கொஞ்சம் பலன் தந்தது, வேறொன்றில் தரவில்லை. பலமான மருந்து என்று பெயர் வாங்கிய கோடீன், ஜலதோஷ இருமலில், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுக்கும் மருந்துச் சரக்கே இல்லாத போலி மருந்தை மிஞ்சவில்லை. (நம் நாட்டில் கோடீன் ஷெட்யூல் எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டு எங்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.)

அப்படியானால் "போன தடவை இதுலதான் நின்னுச்சு" என்று இத்தனை பேர் சொல்வது எப்படி? ஜலதோஷ இருமல் சராசரியாக 18 நாள் வரை இழுக்கும். நாமோ ஒரு வாரத்தில் போய்விட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஒரு வாரம் பார்த்துவிட்டு முதல் பாட்டில் வாங்குவார்கள், நிற்காது. இரண்டாவது பாட்டில் முடிவதற்குள் இருமல் தானாகவே அடங்கும் நேரம் வந்துவிடும். பேர் மட்டும் பாட்டிலுக்குப் போகும். தொண்டையில் இதமாக இறங்கும் இனிப்புப் பாகுக்கும் இதில் பங்கு உண்டு. மருந்து குடித்தபின் இருமல் குறைவதில் சுமார் 85 சதவீதம் போலி மருந்திலும் கிடைக்கிறது என்று கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ரான் எக்கிள்ஸ் 2002-இல் எழுதினார்.

ஒரு பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பெரும்பாலும் 5 மி.லி.க்கு டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் 10 மி.கி., குளோர்ஃபெனிரமின் 2 மி.கி., ஃபினைலெஃப்ரின் 5 மி.கி. என்று இருக்கும். ராத்திரி தூக்கம் வருவது இரண்டாவதால்தான்; அந்தத் தூக்கத்தைத்தான் பலர் "இருமல் கேட்டுச்சு" என்கிறார்கள். அதைக் குடித்துவிட்டு பாண்டி ரோட்டில் பைக் ஓட்டக் கூடாது. புராஸ்டேட் வீக்கம் உள்ள பெரியவர்களுக்கு சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். மூன்றாவதை வாய்வழியாகக் குடித்தால் மூக்கடைப்புக்குப் பலனில்லை என்று அமெரிக்க மருந்துத் துறையின் ஆலோசனைக் குழு 2023-இல் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. பிரஷர் உள்ளவர்களுக்கு அது தேவையில்லாத வம்பு. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் எல்லாருக்கும் ஒத்துவராது. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வாங்குமுன் அதை எங்களிடம் சொல்லியே ஆக வேண்டும், சில மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. சளியைக் கரைக்கும் வகை டானிக்குகள் பலவற்றில், மூச்சுக்குழாயை விரிக்கும் டெர்பூட்டலின் இருக்கும். "கை நடுங்குது, நெஞ்சு படபடங்குது" என்று மறுநாள் வந்து நிற்பவர்கள் அதைக் குடித்தவர்கள். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை இல்லாத வகை என்று கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், சாதாரண வறட்டு இருமலுக்கு வெந்நீரும் ஒரு ஸ்பூன் தேனும் போதும் (சர்க்கரை உள்ளவர்கள் தேனிலும் அளவு பார்க்க வேண்டும்). தூக்கமே கெட்டால் இரண்டு மூன்று ராத்திரிக்கு மட்டும், மூடியால் அளந்து, ஒரே மருந்து உள்ள டானிக்கைக் குடிக்கலாம். சமையலறை ஸ்பூனால் ஊற்றாதீர்கள். கோழை வரும் இருமலை அடக்கவே வேண்டாம், அது வெளியே வர வேண்டியது.

எனக்குக் கவலை, ஒரே ஆள் மூன்றாவது பாட்டிலுக்கு வரும்போதுதான். அப்படி வந்த ஓர் அம்மாவிடம் "வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்கம்மா?" என்று கேட்டேன். மஞ்சள் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். எனாலாப்ரில், பிரஷர் மாத்திரை. எனாலாப்ரில், ராமிப்ரில் வகை மாத்திரைகள் சிலருக்கு விடாத வறட்டு இருமலைக் கிளப்பும், தொண்டையில் அரிப்போடு. எந்த டானிக்கும் அதை நிறுத்தாது. மாத்திரையைத் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டச் சொன்னேன். அவர் லோசார்ட்டன் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரைக்கு மாற்றிக் கொடுத்தார், சில வாரங்களில் இருமல் போய்விட்டது. நெஞ்செரிச்சலும் ஆஸ்துமாவும்கூட வெறும் இருமலாகத் தலைகாட்டுவது உண்டு.

இரண்டு வாரம் தாண்டிய இருமல், சாயங்காலம் ஏறும் காய்ச்சல், எடை குறைதல், சளியில் ரத்தம், இவற்றில் எது இருந்தாலும் என்னிடம் பாட்டில் கேட்காதீர்கள், காசநோய்ப் பரிசோதனைக்குப் போங்கள். அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்தான். புதுச்சேரிக்காரர்களுக்கு கோரிமேட்டில் மார்பு நோய் மருத்துவமனையே இருக்கிறது. சளி கொடுக்கும்போது வாயில் ஊறும் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் பயனில்லை. காலையில் எழுந்ததும் வாயைக் கொப்பளித்து, மூச்சை ஆழமாக இழுத்து இருமி, நெஞ்சிலிருந்து வரும் கோழையைத்தான் டப்பாவில் பிடித்துக் கொடுக்க வேண்டும்.