தானா ராத்தா குளிரும் பழுப்புக் கொழுப்பின் அடுப்பும்

மலேசியாவின் தாப்பாவிலிருந்து மலைப்பாதையில் சுமார் 60 கிலோமீட்டர் ஏறினால் கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா. கீழே தாப்பாவில் காற்றாடி சுழலாமல் தூக்கம் வராது. மேலே, தேயிலைத் தோட்டத்து லயங்களில் விடியற்காலை வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இறங்கிவிடும். அந்த நேரத்தில் வேலைக்குக் கிளம்புகிறவரின் உடம்பு நடுங்கியும் சூடேற்றிக்கொள்ளும், நடுங்காமலும் சூடேற்றிக்கொள்ளும். இரண்டாவது வேலை, வெப்பம் உண்டாக்கும் பழுப்புக் கொழுப்புத் திசுவினுடையது. கழுத்தடியிலும், காறை எலும்புக்கு மேலும், முதுகெலும்பை ஒட்டியும் அது இருக்கிறது. கைக்குழந்தைகளுக்கு அதிகம். பெரியவர்களிடமும் அது வேலை செய்கிறது என்பது 2009இல்தான் ஐயமின்றி உறுதியானது.

தோலில் குளிர் பட்டதும் நரம்பு நுனிகள் நோரட்ரினலின் என்ற சமிக்ஞைப் பொருளைச் சுரக்கின்றன. செல்லுக்குள் கொழுப்புத் துளிகள் உடைந்து கொழுப்பு அமிலங்கள் வெளிவருகின்றன. அவை செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவில் யூசிபி1 என்ற புரதத்தைத் திறந்துவிடுகின்றன. வழக்கமாக, அதன் உட்சவ்வுக்கு வெளியே குவியும் புரோட்டான்கள், செல் செலவழிக்கும் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைத் தயாரிக்கும் நொதி வழியாகத்தான் உள்ளே திரும்பும். யூசிபி1 திறந்தால் குறுக்கு வழியில் பாய்ந்துவிடும். ஏடிபி உருவாகாது, ஆற்றல் வெப்பமாகவே போகும்.

இந்த அடுப்புக்கு விறகு கொழுப்பும் சர்க்கரையும் என்றுதான் நெடுங்காலம் எழுதிவந்தார்கள். 2019இல் ஆய்வாளர் ஷிங்கோ கஜிமுராவின் குழு இன்னொரு விறகைக் காட்டியது: லியூசின், ஐசோலியூசின், வாலின். புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் கிளைத்தொடர் வகை என்று சொல்லப்படுபவை இவைதாம். குளிரில் பழுப்புக் கொழுப்பு இவற்றை இரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வாசலின் பெயர் எஸ்எல்சி25ஏ44. உள்ளே போனதும் முதலில் நைட்ரஜன் கழற்றப்படுகிறது, அடுத்து ஒரு கார்பன் கரியமில வாயுவாக வெளியேறுகிறது. மிச்சம், உணவை எரிக்கும் வேதிச் சுற்றான சிட்ரிக் அமிலச் சுழற்சியில் போய் எரிகிறது. வாசல் கெட்ட எலிகள் குளிரில் உடல் சூட்டைக் காக்கத் திணறின, எரிய வேண்டிய அமினோ அமிலங்கள் இரத்தத்தில் தேங்கின.

கழற்றிய நைட்ரஜனும் வீண்போவதில்லை. குளுட்டாதையோன் போன்ற, செல்லைக் காக்கும் பொருள்கள் அதிலிருந்து உருவாகின்றன. இதே குழு 2024இல் வெளியிட்ட எலி ஆய்வில், பழுப்புக் கொழுப்பில் இந்த வழி அடைபட்டபோது உடல் எடையும் வெப்பச் செலவும் அவ்வளவாக மாறாமலே, இன்சுலினுக்கு உடல் சரியாக இணங்காத இன்சுலின் எதிர்ப்பு வந்தது. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மிகுந்திருக்கிறது. அதனால் நமக்கு வெப்பக் கணக்கைவிட இந்தச் சேதியே முக்கியம்.

அதற்காக ஜிம் கடைகளில் விற்கும் கிளைத்தொடர் அமினோ அமிலப் பொடியை வாங்கிக் கரைத்துக் குடித்தால் கொழுப்பு எரியும் என்று நம்ப வேண்டாம். அடுப்பைப் பற்றவைப்பது குளிர்ச் சமிக்ஞை. ஆய்வுகளில் மெல்லிய உடையோடு 16 முதல் 19 டிகிரி அறையில் சுமார் இரண்டு மணி நேரம் உட்காரவைக்கிறார்கள். தாப்பாவின் இரவில் அந்தச் சமிக்ஞையே எழாது. உடல் பருமனும் நீரிழிவும் உள்ளவர்களின் இரத்தத்தில் இந்த மூன்று அமினோ அமிலங்களும் முன்பே கூடுதலாக இருப்பது வழக்கம்.

ஓர் அமினோ அமிலத்தைக் குறைத்துப் பார்த்த நேர் எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைத் தாமே தயாரிக்க முடியாதபடி மரபணு நீக்கப்பட்ட எலிகளுக்கு உணவிலும் அதை நிறுத்தியபோது, ஆற்றலைச் சேமிக்கும் வெள்ளைக் கொழுப்பு பழுப்பின் குணம் பெற்றது. ஒரு வாரத்துக்குள் எடை கால்பங்குக்கு மேல் சரிந்தது, சிஸ்டீனைத் திருப்பிக் கொடுத்ததும் எடையும் திரும்பியது. இதை வீட்டில் பட்டினியாகச் செய்து பார்ப்பது ஆபத்து. குளுட்டாதையோன் உருவாகவும் சிஸ்டீன் தேவை.

தட்டில் கிடைக்கும் வெப்பம் வேறு கணக்கு. புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரித்துக் கையாளவே செலவாகிறது, மாவுச்சத்துக்கு 5 முதல் 10தான். பசியாற இரண்டு அவித்த முட்டை சாப்பிட்டால் 12 கிராம் புரதம், அதாவது 48 கிலோகலோரி. அதில் 10 முதல் 14 வரை வெப்பமாகப் போகும். கிளைத்தொடர் அமினோ அமிலங்களும் சுமார் இரண்டரை கிராம் கிடைக்கும். நெத்திலி, தெம்பே, பருப்பு எதுவானாலும் அதே அளவு புரதத்துக்கு இந்தக் கணக்குப் பெரிதாக மாறாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை வைத்துக்கொள்ள வேண்டும்.