இரைப்பைப் புற்றுநோய்: ரத்த அணுக்களின் விகிதம் சொல்வதும் சொல்லாததும்

இரைப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் சிபிசி எனும் ரத்த அணுக்களின் எண்ணிக்கைப் பரிசோதனை எடுப்பார்கள். அந்தத் தாளில் உள்ள நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்; இரண்டும் வெள்ளை அணு வகைகள். மொத்த வெள்ளை அணுக்கள் 8,000, நியூட்ரோஃபில் 72 சதவீதம், லிம்ஃபோசைட் 18 சதவீதம் என்றால், 5,760-ஐ 1,440-ஆல் வகுக்க 4 வரும். சதவீதங்களை வகுத்தாலும் அதே விடைதான். நலமான பெரியவர்களில் பெரும்பாலோருக்கு இது 1-க்கும் 3-க்கும் இடையில் இருக்கும். அறுவைக்கு முன்பே இந்த விகிதம் உயர்ந்திருந்தவர்களின் ஆயுள் சராசரியாகக் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

காரணம் அழற்சி. கட்டியும் அதைச் சுற்றியுள்ள திசுவும் சுரக்கும் இன்டர்லூகின்-6 போன்ற புரதங்கள் எலும்பு மஜ்ஜையைத் தூண்டி நியூட்ரோஃபில்களைப் பெருக்குகின்றன. கிருமியை எதிர்க்க வேண்டிய இந்த அணுக்கள் இங்கே கட்டிக்குச் சாதகமாகின்றன: புது ரத்தக்குழாய் முளைக்க உதவும் புரதத்தையும், சுற்றுத்திசுவை அரித்து வழிவிடும் நொதியையும் வெளியிடுகின்றன. புற்றணுக்களைத் தேடிக் கொல்லும் டி-செல்களோ லிம்ஃபோசைட் வகை. அவை குறைந்தால் காவல் தளர்கிறது. ஆக, மேலே உள்ள எண் கூடினாலும் கீழே உள்ளது குறைந்தாலும் விகிதம் ஏறும்.

ரத்தத்தை உறையவைக்கும் பிளேட்லெட்டையும் லிம்ஃபோசைட்டால் வகுப்பதுண்டு. பிளேட்லெட்டுகள் ரத்தத்தில் மிதக்கும் புற்றணுவைப் போர்த்தி, நோய் எதிர்ப்பு அணுக்களிடமிருந்து மறைக்கின்றன. ஆனால் இந்த நோயில் ஒரு குழப்பம் உண்டு. இரைப்பைக் கட்டியிலிருந்து ரத்தம் மெல்லக் கசிந்து இரும்புச்சத்தைக் குறைக்கும். இரும்புச்சத்துக் குறைவே பிளேட்லெட்டை ஏற்றிவிடும். ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரண்டையும் பார்க்காமல் அந்த விகிதத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது.

ஜப்பானில் ஒனோடெரா குழுவினர் 1984-இல் வெளியிட்ட ஊட்டக் குறியீடு இன்றும் பயன்படுகிறது: ரத்தப் புரதமான அல்புமினை (ஒரு டெசிலிட்டருக்குக் கிராமில்) 10-ஆல் பெருக்கி, லிம்ஃபோசைட் எண்ணிக்கையின் 0.005 மடங்கைக் கூட்ட வேண்டும். அல்புமின் 3.6, லிம்ஃபோசைட் 1,440 என்றால் 36 + 7.2 = 43.2. நாற்பதுக்குக் கீழே போனால் குடலை வெட்டி இணைப்பது ஆபத்து என்று அவர்கள் எச்சரித்தார்கள்.

எந்த நாளில் எடுத்த ரத்தம் என்பதுதான் முக்கியம். அறுவை முடிந்த முதல் சில நாட்களில் எல்லோருக்கும் நியூட்ரோஃபில் ஏறும், லிம்ஃபோசைட் இறங்கும்; அது காயத்துக்கான உடலின் பதில். அப்போது வரும் 10 என்ற விகிதத்தைக் கண்டு புற்றுநோய் பரவிவிட்டது என்று அஞ்சத் தேவையில்லை. குறைய வேண்டிய எண் மறுபடி ஏறினால், குடலை இணைத்த இடத்தில் கசிவா, நுரையீரலில் தொற்றா என்றுதான் முதலில் தேடுவார்கள். ஸ்டீராய்டு மருந்தும் இதே மாற்றத்தைக் காட்டும். கீமோதெரபியும் அதன்போது போடும், வெள்ளை அணுவைப் பெருக்கும் ஊசியும் கணக்கை மொத்தமாகக் குலைத்துவிடும்.

எதற்கு மேல் போனால் அதிகம் என்ற எல்லை எண்ணிலும் ஒற்றுமை இல்லை; ஒரு ஆய்வு 2 என்றும் இன்னொன்று 5 என்றும் வைக்கிறது. அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்வதில்லை. கட்டி இரைப்பைச் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நிணநீர் முடிச்சுகளில் பரவியிருக்கிறது என்பதே அதிக எடை கொண்டது. அதைச் சரியாகச் சொல்ல வெட்டி எடுத்த திசுவை ஆராயும் நோய்க்குறியியல் நிபுணர் குறைந்தது 16 முடிச்சுகளையாவது பரிசோதிக்க வேண்டும். சிபிசி விகிதத்தைப் பற்றிக் கேட்குமுன் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள்.