வட்டுப் படிமம்: டிஸ்க் இமேஜைத் தமிழில் சொல்வது எப்படி?

யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் திருத்தும் கடைகளில் "ஹாட் டிஸ்க்கை இமேஜ் எடுத்துத் தாறம்" என்பார்கள். இமேஜ் என்றதும் பலருக்குப் படம்தான் நினைவுக்கு வரும். அதனால் "வட்டுப் படம்" என்று எழுதுகிறவர்களும் உண்டு. அது பொருந்தாது. படம் பார்ப்பதற்கானது, இது இயங்குவதற்கானது.

வட்டு செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு வட்டின் முதல் செக்டரிலிருந்து கடைசிச் செக்டர் வரை உள்ள எல்லாவற்றையும், இருந்த இடம் மாறாமல் ஒரே கோப்பாக எடுத்தால் அது டிஸ்க் இமேஜ். அதில் இருப்பது நாம் சேமித்த கோப்புகள் மட்டுமல்ல. வட்டைப் பிரித்திருக்கும் அட்டவணை, கணினியைத் தொடக்கிவைக்கும் நிரல், அழித்த கோப்புகளின் எச்சம் எல்லாமே சேர்ந்து வரும். கியூஎமு, வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற திறந்த மூல மென்பொருள்கள் உருவாக்கும் மெய்நிகர் இயந்திரத்துக்கு, அதாவது கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்கு, இந்தக் கோப்பே வட்டு.

சொற்களின் வேரைப் பார்ப்போம். டிஸ்க் கிரேக்கத்தின் டிஸ்கொஸிலிருந்து வந்தது. அது எறிந்து விளையாடும் வட்டமான பொருள். தமிழின் வட்டும் விளையாட்டுச் சொல்தான். "அரங்கின்றி வட்டாடியற்றே" என்ற 401ஆம் குறளில் வருவது ஆட்டக்காய். நம்மூரில் இறுவட்டு வெளியீடு என்று அழைப்பிதழ் அடிக்கும் அளவுக்கு இந்தச் சொல் ஊன்றிவிட்டது. தமிழ்நாட்டில் அதையே குறுந்தகடு என்பார்கள். வட்டைப் பற்றி இதற்கு மேல் தேடத் தேவையில்லை.

இமேஜ் இலத்தீனத்தின் இமாகோவிலிருந்து வந்தது. சாயல், உருவம் என்று பொருள். உரோமப் பெருங்குடியினர் வீட்டில் வைத்திருந்த முன்னோரின் மெழுகு முகங்களையும் இந்தச் சொல்லால்தான் அழைத்தார்கள். தமிழில் இதற்கு நேரான சொல் படிமம். அது வடமொழியின் பிரதிமாவிலிருந்து வந்தது என்பாரும் உண்டு, படி என்ற வேரிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும், ஒன்றைப் போலவே அமைந்த இன்னொன்று என்ற பொருள் அதில் இருக்கிறது. கண்ணாடிக்குப் படிமக்கலம் என்ற பழைய பெயர் உண்டு. ஆகவே வட்டுப் படிமம் என்பதே சரி.

அடுத்த சொல் கன்வெர்ட். இதை உருமாற்றம் என்றால் உள்ளே இருப்பதே மாறிவிட்டதோ என்று தோன்றும். உண்மையில் மாறுவது உறையின் வடிவம் மட்டுமே. வேர்ச்சுவல்பொக்ஸின் விடிஐ, விஎம்வெயாரின் விஎம்டிகே, மைக்ரோசொப்ட் பயன்படுத்தும் விஎச்டி, கியூஎமுவின் கியூகவ்2, முன்னால் எந்தக் குறிப்பும் சேர்க்காத வெறும் படிமம் என்று பல வடிவங்கள் உண்டு. கியூஎமு-இமேஜ் என்ற கருவியின் கன்வெர்ட் கட்டளை ஒன்றை மற்றொன்றாக்கும். இதற்கு வடிவமாற்றம் என்ற சொல் போதும்.

மாற்றியது சரியாக வந்திருக்கிறதா என்று சோதிப்பதற்கு நம்மிடமே ஒரு நல்ல சொல் இருக்கிறது. இலங்கைப் பத்திரிகைகளில் புரூஃப் பார்ப்பவருக்கு ஒப்புநோக்காளர் என்று பெயர். ஏட்டுச்சுவடியிலிருந்து பழைய நூல்களைப் பதிப்பித்த சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றியதற்குப் பின்னாலும் ஒப்புநோக்கும் உழைப்பு இருந்தது. கியூஎமு-இமேஜின் கம்பேர் கட்டளை செய்வதும் ஒப்புநோக்கல்தான். இரண்டு படிமங்களின் உள்ளடக்கத்தையும் எடுத்துப் பார்த்து, ஒன்றானால் 0, வேறானால் 1 என்று திருப்பித் தரும். வேறானால் எந்த இடத்தில் முதலில் பிசகியது என்றும் சொல்லும்.

கோப்பின் அளவைப் பார்த்து ஒப்பிடக் கூடாது. காணி உறுதியில் (பத்திரத்தில்) இருபது பரப்பு நிலம் என்று இருக்கும், பயிர் செய்தது நாலு பரப்பாக இருக்கும். படிமமும் அப்படித்தான். கியூகவ்2 வட்டை வழக்கமாக 64 கிலோபைற் துண்டுகளாகப் பிரித்து, எழுதப்பட்ட துண்டுக்கு மட்டும் இடம் பிடிக்கும். 20 ஜிபி வட்டு 4 ஜிபி கோப்பாக நிற்கலாம். விஎச்டிக்கு மாற்றும்போது, வட்டில் இடத்தைக் குறிக்கும் பழைய முறையான சிலிண்டர், ஹெட் கணக்குக்குப் பொருந்தும்படி வட்டின் அளவே சற்றுக் கூடலாம். கூடிய பகுதி வெறும் சுழியாக இருந்தால் கம்பேர் எச்சரித்துவிட்டு "ஒன்றே" என்றுதான் சொல்லும். அளவும் சரியாக இருக்க வேண்டுமென்றால் கம்பேரைக் கண்டிப்பு (ஸ்ட்ரிக்ட்) முறையில் ஓட்ட வேண்டும்.

கியூஎமுவை எழுதுகிறவர்கள் தங்கள் சோதனைத் தொகுப்பில் இன்னும் நுணுக்கமாகப் போகிறார்கள். சிறிய படிமம் ஒன்றில் குறித்த இடத்தில் குறித்த பைற்றை எழுதி, வடிவத்தை மாற்றி, அதே இடத்தில் அதுவே இருக்கிறதா என்று படிக்கிறார்கள். நாமும் செய்து பார்க்கலாம். 64 கிலோபைற்றால் மீதியின்றி வகுபடாத அளவில் ஒரு படிமம் உண்டாக்கி, அதன் கடைசி 512 பைற்றில் எழுதிப் பாருங்கள். பிழை ஒளிந்திருந்தால் பெரும்பாலும் இப்படியான ஓரத்தில்தான் இருக்கும்.

இவ்வளவு கவனம் எதற்கு? நம்மூர் அச்சகங்களின் பழைய கணினிகளில் பாமினி எழுத்துருவில் அடித்த விழா மலர்களும், இறந்தவர் நினைவாக அச்சிடும் கல்வெட்டு நூல்களும் கிடக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் எழுத்துகள் குழம்பிவிடும். அந்தக் கணினியையே படிமமாக எடுத்து மெய்நிகர் இயந்திரத்தில் இயக்குவது அவற்றைக் காக்கும் நம்பகமான வழி. மாற்றம் நடக்கும்போது கரண்ட் போனால் பாதிக் கோப்புத்தான் மிஞ்சும், பெயரைப் பார்த்தால் முழுதாகவே தெரியும். ஒப்புநோக்காமல் பழைய வட்டை எறிந்துவிட்டால் அந்த மலர்களைத் திரும்ப எடுக்க வழியில்லை.

ஒப்புநோக்கலை இயக்குவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். விண்டோஸ் ஒருமுறை எழுந்தாலே வட்டில் எதையாவது எழுதும், அப்புறம் இரண்டு படிமங்களும் ஒத்துப்போகா. படிமம் சரியாக இருந்தும் பழைய விண்டோஸ் எக்ஸ்பி எழாமல் நீலத்திரை காட்டினால் வடிவமாற்றத்தைக் குறை சொல்லாதீர்கள். புதிய இயந்திரம் வட்டை வேறு வகைக் கட்டுப்படுத்தியில் மாட்டியிருக்கும், அதற்கான டிரைவர் எக்ஸ்பியிடம் இருக்காது. மெய்நிகர் இயந்திரத்தின் அமைப்பில் வட்டைப் பழைய வகைக் கட்டுப்படுத்தியான ஐடிஇயாக மாற்றிக் கொடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் எழுந்துவிடும்.